ஏணி பிடிக்கிறவள்

ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஏணியில் ஏறாதவர்கள். ஏறினவனுக்குத் தெரியும். மேலே நிற்கிறவனுக்கு ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் வாளி. சுவரைப் பிடிக்கலாமென்றால் அது ஈரம். அவன் உயிர் அந்த நேரத்தில் அவனிடம் இருக்காது. கீழே நிற்கிறவனுடைய இரண்டு உள்ளங்கையிலும், அடிப்படியில் ஊன்றிய ஒரு காலிலும் இருக்கும்.

அவரை ஊரே பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டது. மச்சான்கூட வீட்டு வாசலில் நின்று "பெயிண்டர் இருக்காரா?" என்றுதான் கேட்பான். இருபத்திரண்டு வருஷமாகச் சுவரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரிசலில் பட்டி மாவு பூசி, இரண்டு கோட் அடித்து, அடுத்த சுவருக்குப் போகிற பிழைப்பு. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை. எழுத்துக் கற்றதும் சுவரில்தான். 'வீடு வாடகைக்கு', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பெரிது பெரிதாக வரைந்து, வரைந்ததைப் படித்து, முப்பது வயசுக்கு மேல் எழுத்து அவருக்கு வசப்பட்டது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் விழுந்தார். கீழே ஏணி பிடித்தவன் நெட்டை. ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். பத்து வருஷக் கூட்டாளி. அவனுக்கு ஃபோன் வந்தது. "ஒரு நிமிஷம்ணே" என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏணி ஒரு பக்கமாக வழுக்கிப் போய்விட்டது. கீழே மணல் குவித்திருந்ததால் ஆள் பிழைத்தார். இரண்டு விலா எலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்துபோயின.

எலும்பு கூடிவிட்டது. ஐந்து மாசம் கழித்து ஏணியில் கால் வைத்தபோதுதான் வேறொன்று கூடாமல் இருப்பது தெரிந்தது. நாலாவது படிக்கு மேல் ஏற முடியவில்லை. கால் கழன்று விழப்போவதுபோல் நடுங்கும். கீழே நிற்கிறவன் கையைப் பார்ப்பார். கை இருக்கும். அடுத்த படியில் மறுபடி பார்ப்பார். இப்படிப் பார்த்துப் பார்த்து எவன் ஏறுவான்? ஏணி ஏறாத பெயிண்டரைக் கூப்பிட்டு யார் வேலை கொடுப்பார்?

அப்போது பள்ளிக்கூடம் விடுமுறை. அவருடைய ஒரே மகள், ஏழாவது முடித்தவள், வேலைத்தளத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அப்பா ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கலக்கி முடித்த பெயிண்டை மறுபடி கலக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் பிடிக்கிறேன்பா. ஏறு."

"போடி. நீ இருக்கிற கனத்துக்கு ஏணி உன்னையும் தூக்கிக்கிட்டுப் போயிரும்."

"ஏறிப் பாரேன்."

சிரித்துக்கொண்டே ஏறினார். அவள் கீழேயிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு நாய், பக்கத்து பெஞ்சுக்காரி, நேற்று வாங்கின செருப்பின் வார், வாய்க்கு வந்ததையெல்லாம். அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் ஏணி நிற்கும் என்று அவர் உடம்பு எப்படியோ நம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பன்னிரண்டாவது படியில் நின்றார்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு நாள்தானே என்றார். அப்புறம் இரண்டு நாள். மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டிரியில் வேலை. பொழுது விடியும்போதே கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு அப்பாவும் மகளும் ஒன்றாகப் படி இறங்குவார்கள். தெருமுனையில் பள்ளிக்கூடத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். இருவரும் இடது பக்கம் திரும்புவார்கள். தளத்துக்குப் போனதும் அவள் சீருடையை மடித்து வைத்துவிட்டு அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். மத்தியானம் பாடப்புத்தகத்தை எடுத்து, பட்டி காய்ந்த சுவரில் பென்சிலால் கணக்குப் போடுவாள். சாயங்காலம் அவர் அதன்மேல் பெயிண்ட் அடிப்பார். அந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குள் அவள் போட்ட கணக்கு இருக்கிறது. சரியா தப்பா என்று பார்க்கத்தான் யாரும் இல்லை.

அவருக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் தொழில் அவருக்கு ஒரு சமாதானம் சொல்லிக் கொடுத்திருந்தது. முதல் கோட்டில் அங்கங்கே விட்டுப்போகும். அதற்காக யாரும் அழுவதில்லை. இரண்டாவது கோட்டில் மூடிக்கொள்ளலாம். படிப்பும் அப்படித்தான் என்று நினைத்தார்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு வார விடுமுறை, காலையில் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றார். கையில் குடை, தோளில் பை. மூன்று மாடி ஏறிவந்த மூச்சு வாங்கியது.

"எட்டாங்கிளாஸ் ரோல் நம்பர் முப்பத்தொண்ணு, அந்தப் பொண்ணு வீடு இதுதானே? நான் அவளோட கிளாஸ் டீச்சர்."

மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. இருந்த ஒரே நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். மகள் கட்டிலின் மூலைக்குப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பெயிண்டர் எழுந்து, சட்டை போட்டு, பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டார்.

"நல்லா படிக்கிறாளா டீச்சர்?" என்று மனைவி வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"அதை நான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேம்மா. மஞ்சக்காமாலை இப்ப எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

டீச்சர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். பெயிண்டர் டீத் தண்ணீர் கொதிக்கிறதைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை மஞ்சக்காமாலை. ஒரு தடவை அம்மை. சித்தப்பா காலமாயிட்டாரு..."

"இவளுக்குச் சித்தப்பாவே கிடையாதே!"

"அப்ப யாரும்மா செத்தது?" என்று டீச்சர் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தார். எல்லாம் விடுப்புக் கடிதங்கள். ஒவ்வொரு எழுத்தும் பட்டை பட்டையாக, சம உயரத்தில், நிழல் விட்டு எழுதியது. "இதைக் கையில வாங்கினா, லீவு லெட்டரா, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' போர்டான்னு எனக்கே சந்தேகம் வந்துருது."

மனைவிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவில் பாதிச் சுவரில் இருக்கிற எழுத்து. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கிறேன். புள்ள எங்க போவுது?"

"என்கூடத்தான் இருக்கா" என்றார். "வேற எங்கயும் போகலை."

"உங்ககூட என்ன செய்யறா?"

"ஏணி பிடிக்கிறா."

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போய்விட்டது. டீ பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் அசையவில்லை. மகள்தான் எழுந்து போய் அடுப்பை மூடினாள்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதம்மா. நான் பிடிச்சாதான் அப்பாவுக்கு ஏற வருது. வேற யாரு பிடிச்சாலும் கால் ஆடுது."

"நீ வாயை மூடு! அவருக்குக் கால் ஆடுதுன்னா, எங்கிட்ட சொல்றதுக்கு வாயும் ஆடாதா?" அவள் சுவரில் மாட்டியிருந்த சீருடையை எடுத்து டீச்சர் முன்னால் விரித்தாள். "பாருங்க டீச்சர். தினம் ஆயிரம் பேரு துணியைப் பிரிக்கிறவ நான். எது ரத்தம், எது மருந்து, எது எச்சில்னு தொட்டாலே சொல்லிருவேன். இந்தப் பாவாடையில பாதி நாளு பெஞ்சு அழுக்கு இல்ல, மை இல்ல, சாக்பீஸ் இல்ல. ஆறு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன். என்ன நெனச்சேன் தெரியுமா? எம் பொண்ணு பெரியவளாயிட்டா, துணியைச் சுத்தமா வச்சுக்கிறான்னு நெனச்சேன். லாண்டிரியில எல்லார்கிட்டயும் பெருமை வேற!"

சொல்லி முடித்ததும் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாவாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் குடையைத் தரையில் வைத்தார். "நான் சண்டை மூட்ட வரலைம்மா. எங்கிளாஸ்ல நாப்பத்தெட்டுப் பேரு. தினம் பத்துப் பதினஞ்சு பெஞ்சு காலி. ஒருத்தி தம்பியைத் தூக்கிட்டு உக்காந்திருக்கா. ஒருத்தன் கடையில நிக்கிறான். ஏணி பிடிக்கிறது இதுதான் முதல் தடவை." பெயிண்டரைப் பார்த்தார். "ஸ்கூல் நடந்தது நூத்திமுப்பது நாளு சார். உங்க பொண்ணு வந்தது அறுபத்தெட்டு. பரீட்சை எழுத இத்தனை நாள் வந்திருக்கணும்னு விதி இருக்கு. நான் எண்ணிப் பாத்துட்டேன். இனிமே ஒரு நாள்கூட விடாம, காலையிலயும் மத்தியானமும் ரெண்டு அட்டெண்டன்ஸும் வாங்கினா, மட்டுமட்டா தொட்டுரும். ஒண்ணு விட்டாலும் பேரு லிஸ்ட்ல வராது. மறுபடி இதே கிளாஸ். மறுபடி உக்காந்த பொம்பளப் புள்ளைங்க எத்தனை பேரு அப்புறம் ஸ்கூலுக்கு வந்துதுங்கன்னு என்னைக் கேட்டா, ஒரு கை விரல் போதும்."

"கடைசியில சேத்து வந்து படிச்சுக்க முடியாதா டீச்சர்? விட்டதையெல்லாம்?" என்று பெயிண்டர் கேட்டார்.

"விட்ட நாளு விட்டதுதான் சார்."

டீச்சர் மகளிடம் ஒரு தாளை நீட்டி ஒரு கணக்கைச் சொன்னார். அவள் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். பென்சில் நின்றுவிட்டது. பன்னிரண்டாவது படியில் நிற்கிற ஆளை அசையாமல் பிடிக்கிற கை, அந்தத் தாளின் மேல் தொப்பென்று கிடந்தது. பெயிண்டர் எழுந்து வெளியே நடைபாதைக்குப் போனார்.

*

அன்றைக்கு மத்தியானமே நெட்டை வந்தான். விழுந்த நாளிலிருந்து அவன் மாசத்துக்கு ஒரு தடவையாவது வருவான். முட்டை வாங்கி வருவான், பழம் வாங்கி வருவான். வீட்டுக்குள் வரமாட்டான். மாடிப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான்.

"அண்ணே, அதிகாரி யாரோ பார்வையிட வர்றாராம். ஸ்கூலுக்கு வெளிப்பக்கம் பூரா அவசரமா அடிக்கணும். எட்டு நாள் வேலை. கான்ட்ராக்டர் நம்ம ரெண்டு பேரையும் கேட்டாரு. நாளைக்கே ஆரம்பம்."

"எந்த ஸ்கூலு?"

"நம்ம பாப்பா படிக்கிற ஸ்கூலுதான்."

பெயிண்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எதற்கு என்று நெட்டைக்குப் புரியவில்லை. மனைவிக்கும் அவர் சொல்லவில்லை. மறுநாள் காலை மகளிடம் தெருமுனையில் சொன்னார். அன்றைக்கு இருவரும் வலது பக்கம் திரும்பினார்கள்.

"உங்கிளாஸ் ஜன்னலுக்குப் பக்கத்துலதான் ஏணி போடப்போறேன். நீ பிடிச்சுக்கிட்டு நில்லு. டீச்சர் நம்பர் கூப்பிட்டதும் ஜன்னல் வழியா சத்தமா சொல்லிரு. பாடமும் காதுல விழும்."

"டீச்சர் திட்டும்பா."

"எதுக்குத் திட்டணும்? நீ காம்பவுண்டுக்குள்ளதானே இருக்கே? பள்ளிக்கூடத்துக்கு வந்தாச்சா இல்லையா? சொல்லு."

அவள் யோசித்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சீருடையை மட்டும் மாற்றவில்லை. அதன்மேலேயே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

பிரார்த்தனை மணி அடிப்பதற்குள் ஏணி ஏறியாயிற்று. ஏணிக்கு அடியில் எட்டாம் வகுப்பு ஜன்னல். அவர் நின்றது முதல் மாடி உயரத்தில். பழைய பெயிண்ட் பொரி பொரியாக எழும்பி நின்றது. தகட்டால் சுரண்டினார். கீழே மகள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், மெதுவான குரலில். வகுப்பு நிறைந்தது. பெஞ்சுகள் இழுபட்டன. டீச்சர் குரல் கேட்டது.

"இருபத்தெட்டு."

"உள்ளேன் டீச்சர்."

"இருபத்தொம்பது... இருபத்தொம்பது வரலையா? முப்பது."

"உள்ளேன் டீச்சர்."

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் டீச்சர்!"

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் வகுப்பே சிரித்தது. டீச்சர் ஜன்னலுக்கு வந்தார்.

"முப்பத்தொண்ணு, எங்க இருக்கே?"

"இங்கதான் டீச்சர்."

"இங்கன்னா?"

மேலேயிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தார். "காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கா டீச்சர். போட்டுக்குங்க."

டீச்சர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். முகத்தில் பெயிண்ட் தூசி விழுந்தது. துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், காலையில ரெண்டாவது மணி அடிச்சதும் ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிரும். அஞ்சு நிமிஷம் இருக்கு. பெஞ்சுல உக்காந்திருந்தா வருகைன்னு போடுவேன். இல்லைன்னா இல்லைன்னு போடுவேன். என் கையில இருக்கிறது அவ்வளவுதான்."

ஜன்னலை விட்டுப் போய்விட்டார். "முப்பத்திரண்டு" என்று உள்ளே கேட்டது.

"அப்பா, எறங்கு. சீக்கிரம் எறங்கு. நீ எறங்கினதும் ஓடிருவேன்."

அவர் ஒரு காலைக் கீழே இறக்கப் பார்த்தார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடு. அவள் பிடித்திருந்தாலே ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்க வேண்டும். அவசரம் என்றதும் காலுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. படியைத் தேடித் துழாவியது. கிடைக்கவில்லை. மறுபடி மேலேயே வைத்துக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணு" என்றது உள்ளே.

"நீ போ" என்றார்.

"நீ?"

"எறங்கினாத்தானே விழுவேன்? நான் இங்கயே நிக்கிறேன். போ."

"அப்பா..."

"போன்னா போ பாப்பா! கையை எடு."

அவள் உடனே எடுக்கவில்லை. காலால் பட்டி வாளி இரண்டையும் இழுத்து, ஏணியின் இரண்டு காலுக்கும் முட்டுக் கொடுத்தாள். அசைத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு கையை எடுத்தாள். அப்புறம் இன்னொரு கையை. அவர் கீழே பார்க்கவில்லை. ஆனால் ஏணியில் அது தெரிந்தது. வெறுமை மாதிரி ஒன்று கம்பி வழியாக ஏறி அவர் பாதத்துக்கு வந்தது. ஓடுகிற காலடிச் சத்தம். கதவுச் சத்தம். மணி அடிப்பதற்குள் டீச்சர் மறுபடி கூப்பிட்டார்.

"முப்பத்தொண்ணு."

"உள்ளேன் டீச்சர்." மூச்சு வாங்கியது. இந்தத் தடவை சத்தம் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வந்தது.

*

கை எட்டுகிற தூரத்தை அவர் சுரண்டினார். உப்புத்தாள் போட்டார். வாளியில் இருந்த பெயிண்டை அடித்தார். வேறு செய்ய ஒன்றும் இல்லை. வெயில் ஏறி முதுகில் உட்கார்ந்தது. காயக் காய மறுபடி அடித்தார். மூன்றாவது கோட், நாலாவது கோட். இடது கை ஏணியை விடவேயில்லை. விரல் மரத்துப்போயிற்று. கீழே கணக்குப் பாடம் நடந்தது. மகளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டது கேட்டது. சாக்பீஸ் கீச்சிட்டது, நின்றது. ரொம்ப நேரம் சத்தமில்லை.

"அழிச்சிட்டுத் திரும்பப் போடு" என்றார் டீச்சர்.

மறுபடி கீச்சிட்டது. மறுபடி நின்றது. அந்த நிற்றலை அவரால் எந்தப் பெயிண்டாலும் மூட முடியவில்லை. பிரஷைச் சுவரில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்பக்கச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்த நெட்டை டீ குடிக்கக் கூப்பிட வந்தான். பார்த்தான். ஏணிக்கடியில் யாரும் இல்லை. மேலே பெயிண்டர், அவருக்கு முன்னால் ஒரு தட்டு அகலத்துக்குப் பளபளவென்று ஒரு வட்டம். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து கையை நீட்டினான்.

"தொடாதே!"

கை அந்தரத்தில் நின்றது.

"நான் பிடிச்சுக்கிறேன்ணே. எறங்குங்க."

"தொடாதேன்னு சொன்னேன்."

நெட்டை இரண்டடி தள்ளிப் போய் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில், மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

"அந்த எடத்துக்கு எத்தனை கோட்ணே?"

"அஞ்சு."

"அதிகாரி வந்தா அங்கதான் முகம் பாத்துத் தலை சீவுவாரு."

ஏணி லேசாகக் குலுங்கியது. சிரித்திருக்க வேண்டும்.

"ஃபோன்ல யாருன்னு நீங்க கேக்கவே இல்லைண்ணே, இந்நாள் வரைக்கும்."

"யாரு?"

"யாருமில்ல. ராங் நம்பர்."

இதற்கு இருவருமே சிரிக்கவில்லை. நெட்டை எழுந்து போகவும் இல்லை. தன் வேலையை விட்டுவிட்டு, டீயும் குடிக்காமல், சாப்பாட்டு மணி அடிக்கிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மணி அடித்ததும் மகள்தான் முதலில் வெளியே வந்தாள். விரலெல்லாம் சாக்பீஸ். ஏணியைப் பிடித்து அடிப்படியில் காலை ஊன்றினாள். "எறங்குப்பா. மெதுவா. இடது காலு. இன்னும் கீழ. ஆங்." அவர் இறங்கிவந்து மண்ணில் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரே எடத்துலயே அடிச்சிருக்கியே!"

"கணக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. "மூணு தடவை போட்டேன். நாளைக்கும் கூப்பிடுவாங்களாம்."

மூவரும் ரொட்டியையும் முட்டையையும் பிய்த்துச் சாப்பிட்டார்கள். மனைவி மகளின் டப்பாவில் மட்டும்தான் சாப்பாடு வைத்திருந்தாள். அவருக்கு வைக்கவில்லை. நேற்றிலிருந்து அவரோடு பேசவும் இல்லை. மகள் கேட்காமலே பாதியைத் தள்ளினாள். பாவாடையில் முழங்காலுக்கு மேல் சாக்பீஸ் விரல் ஐந்தும் பதிந்திருந்தன. அவர் அதைப் பார்த்தார். தட்டிவிடப் போனவளின் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும். உங்கம்மா பாக்கட்டும்."

மத்தியான மணி அடித்தது. அவள் எழுந்தாள். ஏணியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நான் ஏறப்போறதில்ல. நீ போ."

அவள் நாலு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே நம்பர்கள் ஆரம்பித்தன. இருபத்தொன்பது இப்போதும் வரவில்லை. முப்பது. முப்பத்தொண்ணு. "உள்ளேன் டீச்சர்." பெயிண்டர் அதுவரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டேய் நெட்டை."

"சொல்லுங்கண்ணே."

"ஃபோனை அங்க, அந்த மரத்தடியில வச்சிட்டு வா."

நெட்டை ஓடினான். வைத்துவிட்டு வந்தான். உள்ளங்கை இரண்டையும் சட்டையில் துடைத்து, ஏணியைப் பிடித்து, அடிப்படியில் காலை ஊன்றினான். பேசுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது படியில் பெயிண்டர் நின்றார். கீழே பார்த்தார். கை இருந்தது. அப்போது மரத்தடியில் ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கம்பியை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுவரில் இடித்தது. ஃபோன் ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஏணி அசையவில்லை, அவருடைய கால்தான் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"எதையாவது பேசித் தொலைடா" என்றார்.

"என்னத்தைப் பேசறதுண்ணே?"

"எதையாவது."

"எதிர்வீட்டுல ஒரு நாய் இருக்குதுண்ணே..." என்று நெட்டை ஆரம்பித்தான்.

பெயிண்டர் ஐந்தாவது படியில் காலை வைத்தார்.